கார்த்திகை மழையில் பறவை பார்க்க: வேடந்தாங்கலா, கோடியக்கரையா?

மழைக்காலத்தில் சென்னையிலிருந்து பறவை பார்க்கக் காரில் கிளம்புகிறவர்களுக்கு உடனே நினைவுக்கு வருவது இரண்டு இடங்கள். ஒன்று, ஜி.எஸ்.டி. சாலை (சென்னையிலிருந்து திண்டிவனம் போகும் நெடுஞ்சாலை) வழியாகப் போனால் சுமார் 80 கிலோமீட்டரில் வரும் வேடந்தாங்கல். இன்னொன்று, கடற்கரையோரமாகவே கடலூர், நாகப்பட்டினம், வேதாரண்யம் என்று இறங்கிச் சேரும் கோடியக்கரை. பலரும் தூரத்தை வைத்து முடிவெடுக்கிறார்கள். நான் தண்ணீரின் ஆழத்தைப் பார்க்கச் சொல்வேன்.

வேடந்தாங்கல் ஒரு பாசன ஏரி. அது நிரம்பினால்தான் பறவைகள் நம்பிக் கூடு கட்டும். நீர்க்கடம்பும் கருவேலமும் தண்ணீருக்குள் நிற்கும்போது நாயோ பூனையோ கீரியோ மரத்தை நெருங்க முடியாது. சுற்றிலும் வயல்களில் தண்ணீர் நின்றால் நத்தை பெருகும், நத்தை குத்தி நாரைக்கு இரை கிடைக்கும். மழை பொய்த்த ஆண்டுகளில் பறவைகள் எண்ணிக்கை வெகுவாகக் குறைந்துவிடும். ஆகவே மழைக்குப் பயந்து வேடந்தாங்கலைத் தள்ளிப்போட வேண்டியதில்லை. ஏரிக்கரையிலிருந்து மரங்கள் பக்கத்திலேயே இருப்பதால் தூறலிலும் கூழைக்கடா, பாம்புத்தாரா, வக்கா, அரிவாள் மூக்கன் எல்லாம் தெளிவாகத் தெரியும். எச்சம் கலந்த ஏரித் தண்ணீர் வயலுக்கு உரம் என்பதை அந்த ஊர்க்காரர்கள் எப்போதோ கண்டுகொண்டார்கள். பறவைகளைச் சுட வரும் வெள்ளைக்காரச் சிப்பாய்களைத் தடுக்க, 18ஆம் நூற்றாண்டின் கடைசியிலேயே செங்கல்பட்டு கலெக்டரிடம் உரிமை எழுதி வாங்கியவர்கள் அவர்கள். தீபாவளிக்கு இன்றும் வெடி வெடிப்பதில்லை. இந்தப் பெருந்தன்மையை நேரில் பார்ப்பதற்காகவே ஒருமுறை போகலாம்.

பக்கத்திலுள்ள கரிக்கிலியையும் விட்டுவிடாதீர்கள். வாத்து இனங்களுக்கு அதுதான் நல்ல இடம், கூட்டமும் குறைவு.

கோடியக்கரையின் கணக்கு நேர் எதிரானது. பூநாரை (ஃபிளமிங்கோ) ஆழமில்லாத உவர்நீரில் நின்று மேய்கிற பறவை. கொசு உள்ளான் போன்ற சிறு வலசைப் பறவைகளுக்கு ஈரச் சேறு வேண்டும். கார்த்திகையில் கொட்டுகிற மழையில் வேதாரண்யம் சதுப்பு ஒரே வெள்ளக்காடாகிவிடும். மேயத் தோதான இடம் தேடிப் பறவைகள் சிதறிப்போகும், பைனாகுலரிலும் பிடிபடாது. போதாக்குறைக்கு இது புயல் காலம். கஜா புயல் 2018 நவம்பர் 16 அன்று வேதாரண்யம் அருகில்தான் கரையைக் கடந்தது.

ஆனால் தண்ணீர் வடியத் தொடங்கும் ஜனவரிக் கடைசியிலோ பிப்ரவரியிலோ போனால் வேடந்தாங்கல் இதன் பக்கத்தில் நிற்க முடியாது. உப்பளம், சதுப்பு, கடல், உலர் பசுமைமாறாக் காடு, புல்வெளியில் வெளிமான் கூட்டம் என்று ஒரே இடத்தில் இத்தனையும் வேறெங்கும் எனக்குக் கிடைத்ததில்லை. எனக்கு மிகவும் பிடித்த இடமும் இதுதான். அதனாலேயே டிசம்பர் மழையில் போய் ஏமாந்து திரும்பாதீர்கள் என்கிறேன்.

வடக்கே பழவேற்காடு ஏரிக்கும் ஏறக்குறைய இதே விதிதான். அங்கே ஒரு வசதி, சூளூர்ப்பேட்டையிலிருந்து ஸ்ரீஹரிகோட்டா போகும் சாலை ஏரியின் குறுக்கே செல்வதால் காரை விட்டு இறங்காமலே பார்க்கலாம். மழை வலுத்தால் அருகிலுள்ள நேலப்பட்டு பறவைகள் சரணாலயத்துக்குப் போய்விடலாம். அங்கே கூழைக்கடாக்கள் வேடந்தாங்கலைப் போல மரத்தில்தான் கூடு கட்டுகின்றன, அதனால் தண்ணீர் ஏறினாலும் பார்க்கலாம்.

சரி, டிசம்பரில் ஒரே ஒரு நாள்தான் லீவு, கடற்கரைச் சாலையையும் விட மனமில்லை என்றால் இப்படிச் செய்யுங்கள். விடியற்காலையில் ஈ.சி.ஆரில் கிளம்பி மரக்காணம் உப்பளங்களையும் கழுவேலி ஏரியையும் பார்த்துவிட்டு, திண்டிவனம் வந்து ஜி.எஸ்.டி. சாலையைப் பிடியுங்கள். வேடந்தாங்கலை இந்தச் சுற்றில் கடைசியாக வையுங்கள். மேயப் போன பறவைகள் கூட்டம் கூட்டமாக மரத்துக்குத் திரும்புவது சாயங்காலம்தான். மழை நாளில் சீக்கிரம் இருட்டிவிடும், அதனால் மதிய உணவை மதுராந்தகத்திலேயே முடித்துக்கொண்டு மூன்றரை மணிக்குள் ஏரிக்கரை ஏறிவிடுங்கள்.