200 எம்பிபிஎஸ் இன்டர்நெட் திருநகருக்கு வந்து சேர்ந்த கதை

சிங்கப்பூரில் காலை 9 மணி என்றால் மதுரையில் 6.30. ஊருக்குப் போனாலும் பாதி நாள் வேலை பார்த்துக் கொடுத்துவிடுகிறேன் என்று சொல்லித்தான் இந்த முறை விடுப்பு வாங்கினேன். அப்படிச் சொல்லத் தைரியம் கொடுத்தது அப்பா வாட்ஸ்அப்பில் அனுப்பிய ஒரு எஸ்எம்எஸ் படம். வீட்டு இன்டர்நெட்டின் 50 எம்பிபிஎஸ் திட்டம் கூடுதல் கட்டணம் இல்லாமல் 200 ஆக உயர்த்தப்பட்டுவிட்டது, வாழ்த்துகள் என்று அதில் இருந்தது.

திருநகர் வீட்டில் வந்து சோதித்தால் 48. வைஃபை விஷயத்தில் எதையும் உறுதியாகச் சொல்ல முடியாது என்பதால் மற்ற போன்களையெல்லாம் துண்டித்துவிட்டு, லேப்டாப்பை லேன் ஒயர் போட்டு நேராக ரூட்டர் பெட்டியில் செருகினேன். அப்போதும் 48தான். 50 திட்டத்துக்கு அது நல்ல வேகம். ஆக லைனில் பழுது இல்லை. எஸ்எம்எஸ் அனுப்பியவர்கள் வேகத்தை ஏற்றவில்லை, அவ்வளவுதான்.

கஸ்டமர் கேரில் பேசிய பெண்ணின் திரையிலோ 200 என்றே இருந்தது. “ரூட்டரை ஒருதடவ ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க சார்.” பண்ணியாயிற்று என்றாலும் மறுபடி பண்ணச் சொன்னார். ஆள் அனுப்புவதாகச் சொன்னார்கள். யாரும் வரவில்லை, ஆனால் மறுநாள் ‘உங்கள் புகார் தீர்க்கப்பட்டது’ என்று செய்தி மட்டும் வந்தது. வேகம் குறைந்ததைவிட இதுதான் எனக்கு எரிச்சலாக இருந்தது. அப்பாவுக்கு இதில் அக்கறையே இல்லை. “சீரியல் பாக்க 50 போதும்டா. அந்தப் பையன் பாவம், அவனப் போட்டு அலைய விடாத” என்றார். பையன் என்றால் லைன் பார்க்கிற தம்பி. எங்கள் பக்கத்தில் கேபிள் டிவிக்கும் இன்டர்நெட்டுக்கும் அவர் ஒருவரே ஓடுகிறார்.

ஊரில் எல்லோரும் “டிராய்க்கு எழுதிப் போட்டுருவேன்” என்று மிரட்டுவார்கள். தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் தனித்தனிப் புகாரை விசாரிப்பதில்லை. 2012-இல் அது கொண்டுவந்த விதிமுறைப்படி முதலில் கம்பெனியின் புகார் மையத்தில் பதிந்து டாக்கெட் எண் வாங்க வேண்டும். அதில் சரியாகவில்லை என்றால் 30 நாளுக்குள் அதே கம்பெனியின் மேல்முறையீட்டு அதிகாரிக்கு எழுதலாம், காசு கிடையாது. அவர் 39 நாளுக்குள் முடிவு சொல்ல வேண்டும். அதையும் தாண்டி நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாமா என்ற சந்தேகத்தை 2022-இல் உச்ச நீதிமன்றமே தீர்த்துவிட்டது, போகலாம். 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணும் இருக்கிறது.

எனக்கு அவ்வளவு தூரம் போக வேண்டியிருக்கவில்லை. எஸ்எம்எஸ் படம், ஒயரில் எடுத்த வேகப் படங்கள், டாக்கெட் எண் மூன்றையும் வைத்து மேல்முறையீட்டு மெயில் ஒன்று போட்டேன். போனில் நடையாய் நடந்த விஷயம் அதன் பிறகுதான் அசைந்தது.

தம்பி வந்தார். பெட்டியைத் திருப்பி அடியில் ஒட்டியிருந்த சீரியல் எண்ணைப் போனில் யாருக்கோ வாசித்தார். “50 ப்ரொஃபைல்லயே கிடக்கு, மாத்தி விடுண்ணே” என்றார். ப்ரொஃபைல் என்றால் கம்பெனி பக்கத்தில் எங்கள் லைனுக்கு வைத்திருக்கும் வேக வரம்பு. இரண்டு நிமிடம்தான். பெட்டியில் விளக்குகள் அணைந்து எரிந்தன. மறுபடி சோதித்தேன்: 94. இன்னொரு முறை: 94. முள் ஆடவே இல்லை.

“அண்ணே, இதுக்கு மேல ஏறாது. இந்தப் பெட்டியில லேன் போர்ட்டே 100தான். வைஃபையும் 2.4 மட்டும், 5 கிடையாது. அங்கிட்டு எத்தன விட்டாலும் இங்கிட்டு இவ்வளவுதான் வரும்” என்றார். இந்தப் பக்கத்தில் முக்கால்வாசி வீட்டில் இதே பெட்டிதானாம். அத்தனை வீட்டுக்கும் அந்த வாழ்த்துச் செய்தி போயிருக்கும். 200-ஐ வாங்க வக்கில்லாத பெட்டி எந்தெந்த வீட்டில் இருக்கிறது என்று கம்பெனிக்குத் தெரியாமல் இருக்காது, கொடுத்ததே அவர்கள்தானே. கேட்காதவர்கள் 50-லேயே இருந்துகொள்ளட்டும் என்ற கணக்காகத்தான் எனக்குப் படுகிறது.

மெயில் போட்ட புண்ணியத்தில் 2.4, 5 என்ற இரண்டு வைஃபை அலைவரிசையும் உள்ள புதுப் பெட்டி வந்தது. மாட்டும்போதே பக்கத்து வீட்டு முருங்கை மேல் தொங்கிக் கிடந்த ஃபைபரையும் தம்பி தூக்கி சன்ஷேடில் கட்டிவிட்டுப் போனார். ஒயரில் 190-க்கு மேல் வருகிறது. மாடி அறையில் 70 பக்கம்தான். 5 கிகாஹெர்ட்ஸ் அலைக்கு எங்கள் வீட்டுச் சுவர் ஆகாது. அதற்குக் கம்பெனியைக் குறை சொல்ல மாட்டேன். காலை மீட்டிங்கை ஹாலில் உட்கார்ந்து பேசினேன், பின்னால் மிக்சி ஓடும் சத்தத்தோடு.

வெளியூரிலிருந்து வருகிறவர்கள் வந்த அன்றே ஒயர் போட்டு ஒருமுறை சோதித்துவிடுங்கள். பழைய திட்டத்தின் எண்ணிலேயே நின்றால் ப்ரொஃபைல் மாறவில்லை. 94, 95-இல் ஆணி அடித்த மாதிரி நின்றால் போர்ட்டைப் பாருங்கள்; உங்கள் லேப்டாப் போர்ட்டும் அந்தப் பழைய 100 வகையாக இருக்கலாம். டாக்கெட் எண் இல்லாமல் போனை வைக்காதீர்கள்.

நான் சிங்கப்பூர் திரும்பிய பிறகு வந்த பில்லில், 18 சதவீத ஜிஎஸ்டிக்கு மேலே ‘உபகரண வாடகை’ என்று புதிதாக ஒரு கட்டணம் முளைத்திருக்கிறது. அதற்கும் டாக்கெட் எண் வாங்கியாயிற்று. இந்த முறை போன் பண்ணியது அப்பா.