ஸ்வாப் கோடில் ரேஸ் தேடுபவர்களுக்கு கேசிசான் போதுமா?

லினக்ஸ் கெர்னலில் ஸ்வாப் பக்கம், அதாவது மெமரி பத்தாதபோது பேஜ்களை (மெமரியின் சின்னத் துண்டுகள்) வெளியே தள்ளி, தேவைப்படும்போது திரும்பக் கொண்டுவரும் கோடில், கை வைப்பவர்கள் ஏதோ ஒரு கட்டத்தில் கேசிசானிடம் (KCSAN) வந்து சேருவார்கள். யார் முந்துகிறார்கள் என்பதைப் பொறுத்து விளைவு மாறும் 'ரேஸ்' பிழைகளில், ஒரே மெமரியை இருவர் ஒழுங்கில்லாமல் ஒரே நேரத்தில் தொடும் ரகத்தைப் பிடிக்கும் கருவி இது. 2020-ல் 5.8 பதிப்போடு கெர்னலுக்குள்ளேயே வந்துவிட்டது. காசு கிடையாது, தனியாக எதையும் நிறுவ வேண்டாம், ஜிசிசி 11 அல்லது க்ளாங் 11 கம்பைலர் இருந்தால் கான்ஃபிக்கில் ஒரு வரியை ஆன் செய்து மறுபடி பில்ட் செய்தால் போதும். நான் இதை க்யூஇமூ விர்ச்சுவல் மெஷினில் நான்கைந்து சிபியு கொடுத்து, வேண்டுமென்றே சின்னதாக ஒரு இசட்ரேம் (ரேமுக்குள்ளேயே சுருக்கிவைக்கும்) ஸ்வாப் வைத்து, மெமரியை நெருக்கி ஓட்டுகிறேன். நல்ல கருவிதான். ஆனால் லாகில் ஒன்றும் வரவில்லை, அதனால் ஸ்வாப் கோடில் ரேஸ் இல்லை என்று முடிவு கட்டினால் ஏமாந்துபோவீர்கள்.

இது வேலை செய்யும் விதம் ரொம்ப எளிது. கெர்னல் மெமரியைப் படிக்கும், எழுதும் இடங்களில் எல்லாம் கம்பைலர் ஒரு சின்ன அழைப்பைச் செருகிவிடுகிறது. பெரும்பாலானவை அப்படியே கடந்து போய்விடும். ஒவ்வொரு சிபியுவிலும் சுமார் 4000 தடவைக்கு ஒருமுறை மட்டும் அது நின்று, அந்த முகவரிமேல் ஒரு கண் வைத்துவிட்டு 80 மைக்ரோசெகண்ட் காத்திருக்கும், இன்டரப்ட் என்றால் 20. நடுவழியில் ஏதோ ஒரு பஸ்ஸில் ஏறும் செக்கிங் இன்ஸ்பெக்டர் மாதிரிதான், எல்லா பஸ்ஸிலும் ஏறமாட்டார். அந்த நேரத்துக்குள் இன்னொரு சிபியு அதே முகவரியைத் தொட்டு, இரண்டில் ஒன்றாவது எழுதுவதாக இருந்து, ஒன்றாவது குறியிடாத சாதாரண அணுகலாகவும் இருந்தால் இரண்டு பக்க ஸ்டாக் டிரேஸையும் (எந்தெந்த ஃபங்ஷன் வழியாக அங்கே வந்தது என்ற பட்டியல்) சேர்த்தே காட்டிவிடும். ரேஸில் மாட்டி அல்லாடியவர்களுக்கு அந்த இரண்டாவது டிரேஸின் அருமை தெரியும், வழக்கமாக குற்றவாளி ஓடிப்போன பிறகுதானே கெர்னல் விழும்!

ஸ்வாப் கோடுக்கு இது நன்றாகவே பொருந்தியது. ஸ்வாப் மேப், அதாவது ஒவ்வொரு ஸ்லாட்டையும் எத்தனை பேர் பிடித்திருக்கிறார்கள் என்ற கணக்கு, காலி இடம் தேடும்போது லாக் (ஒரு நேரத்தில் ஒருவரை மட்டும் விடும் பூட்டு) இல்லாமல் படிக்கப்பட்ட இடங்கள் நிறைய இருந்தன. 2020-ல் கேசிசான் அவற்றை ஒவ்வொன்றாகக் காட்டிக்கொடுக்க, சில இடங்களில் ரீட் ஒன்ஸ், ரைட் ஒன்ஸ் என்ற குறிகளைப் போட்டார்கள், சிலவற்றை 'தெரிந்தேதான் செய்கிறோம்' என்று டேட்டா ரேஸ் மேக்ரோவில் சுற்றிவைத்தார்கள். என்னைக் கேட்டால் பிடிபட்ட பிழைகளைவிட இந்தக் குறிகள்தான் பெரிய லாபம். லாக் இல்லாத ஒரு படிப்பைப் பார்த்ததும் இது திட்டமிட்டதா, மறதியா என்று இனி யூகிக்க வேண்டியதில்லை.

டீஃபால்ட் அமைப்பு எனக்குப் பிடிக்கவில்லை. காத்திருந்த நேரத்தில் மதிப்பு மாறியதாகத் தெரிந்தால்தான் வாயைத் திறக்கும், சீரான முகவரியில் ஒரு வேர்ட் அளவுவரை எழுதுவதெல்லாம் பாதியில் உடையாமல் ஒரே வீச்சில் நடந்துவிடும் என்று அதுவே நினைத்துக்கொள்ளும். இந்த இரண்டையும் நீக்கும் ஸ்ட்ரிக்ட் அமைப்பை ஆன் செய்துவிடுங்கள். அப்புறம் கெர்னலின் எல்லா மூலையிலிருந்தும் புகார் வந்து குவியும், டீபக்எஃப்எஸ் என்ற பிழைதேடல் கோப்பகம் வழியாக ஃபங்ஷன் பெயர் கொடுத்து வடிகட்டிக்கொள்ளலாம். 5.17-ல் மெமரி பேரியர் (படிப்பதும் எழுதுவதும் வரிசை மாறாமல் காக்கும் கட்டளை) விட்டுப்போன இடங்களையும் கண்டுபிடிக்கக் கற்றுக்கொண்டது. வேகம் பல மடங்கு குறையும், அது எதிர்பார்த்ததுதான்.

சரி, எது பிடிபடாது? 2017-ல் இசட்ரேம் போன்ற வேகமான சாதனங்களுக்காக ஸ்வாப் கேஷைத் (உள்ளே வரும், வெளியே போகும் பேஜ்களைப் பொதுவாக வைத்திருக்கும் இடம்) தாண்டிப்போகும் ஒரு குறுக்குவழி சேர்த்தார்கள். அதில் இரண்டு த்ரெட்டுகள் ஒரே ஸ்வாப் என்ட்ரியை (பேஜ் வெளியே இருக்கும் இடத்தின் எண்) ஒரே நேரத்தில் உள்ளே கொண்டுவர முயன்றால் ஆளுக்கொரு பேஜில் தனித்தனியாகப் படித்துக்கொள்ளும். முதல் த்ரெட் படித்து முடித்து, பேஜை பேஜ் டேபிளில் மாட்டுவதற்கு முன் கொஞ்சம் தாமதிக்கிறது. அதற்குள் இரண்டாவது த்ரெட் தன் பேஜை மாட்டி, என்ட்ரியை விடுவித்து, பேஜில் புதிதாக எதையோ எழுதி, அந்தப் பேஜ் மறுபடி வெளியே போய், போன இடத்தில் அதே என்ட்ரி எண்ணே கிடைத்துவிடுகிறது. இப்போது முதல் த்ரெட் பேஜ் டேபிள் லாக்கை ஒழுங்காக எடுத்து, பிடிஇ (அந்தப் பேஜ் எங்கே என்று சொல்லும் பேஜ் டேபிள் வரி) மாறியிருக்கிறதா என்று பார்க்கிறது. மாறவில்லை! பழைய பேஜை மாட்டிவிடுகிறது, புதிதாக எழுதியது போயே போச்சு. கெர்னல் விழவில்லை, லாகில் ஒரு வரிகூட இல்லை. இது 2024 பிப்ரவரியில்தான் சரியானது.

இந்த ஓட்டத்தில் லாக் இல்லாமல் தொட்ட முகவரி என்று எதுவும் இல்லை. ஒவ்வொரு அடியும் தனித்தனியாகப் பார்த்தால் முறையானது, வரிசைதான் தப்பு. கேசிசானை இரவு பகலாக ஓட்டினாலும் இதற்கு மணி அடிக்காது, அது அதன் வேலையும் இல்லை. இதைப் பிடித்தது ஒரு முரட்டு சோதனை நிரல்: இரண்டிரண்டு த்ரெட்டுகள் ஒரே நினைவுப் பகுதியை எதிரெதிர் திசையிலிருந்து ஒவ்வொரு பேஜாக மாற்றிக்கொண்டு வரும், இன்னொரு த்ரெட் மேட்வைஸ் சிஸ்டம் கால் கொடுத்து விடாமல் வெளியே தள்ளிக்கொண்டே இருக்கும், கடைசியில் எண்ணிக்கை சரியா என்று பார்க்கும். சுமார் 5 நிமிடத்துக்கு ஒருமுறை டேட்டா காணாமல் போனது. ஸ்வாப் கோடைத் தொடுகிறவர் இப்படி ஒன்றைக் கையில் வைத்துக்கொள்ளாமல் கேசிசானை மட்டும் நம்புவது எனக்குப் புரியாத விஷயம்.

இன்னொரு குறை, கேசான் என்ற இன்னொரு கருவியையும் கேசிசானையும் ஒரே கெர்னலில் ஆன் செய்ய முடியாது. ஸ்வாப்ஆஃப் (ஸ்வாப்பை நிறுத்தும் கட்டளை) ஓடும்போது பேஜ் ஃபால்ட் (வெளியே போன பேஜைக் கேட்கும் குறுக்கீடு) குறுக்கே வரும் ரகப் பிழைகளில் விடுவித்த மெமரியைத் தொடும் ஆபத்து உண்டு, அதற்கு கேசான்தான் வேண்டும். ஆகவே இரண்டு பில்ட், இரண்டு விர்ச்சுவல் மெஷின், இரண்டிலும் அதே சோதனை நிரல். 5-க்கு 4 கொடுக்கிறேன்.