சாயம் மாறிய புடவைகள்: மயிலாப்பூரில் நான்கு ஞாயிறு நியூட்ரினோ வகுப்பு

திருவல்லிக்கேணியில் இருபத்தாறு வருடமாக டிரை கிளீனிங் கடை நடத்துகிறேன். பிளஸ் டூவில் இயற்பியலில் எவ்வளவு வாங்கினேன் என்று கேட்காதீர்கள். லஸ் பக்கம் ஒரு மாடி அறையில் நடக்கும் நியூட்ரினோ வகுப்புக்கு, நான்கு ஞாயிறுக்கும் சேர்த்து 1,200 ரூபாய் கட்டி என்னை அனுப்பியது என் மகள்தான். நியூட்ரினோ என்றால், அநேகமாக எதிலும் மோதாமல் எல்லாவற்றையும் துளைத்துக்கொண்டு போகும் மிகச் சிறிய துகள். "அப்பா, உங்கள் கடைத் திரவத்தை வைத்து ஒருவர் நோபல் பரிசு வாங்கியிருக்கிறார்" என்றாள். நான் நம்பவில்லை.

முதல் ஞாயிறே நம்பும்படி ஆகிவிட்டது. அவர் பெயர் ரேமண்ட் டேவிஸ். அமெரிக்காவின் தெற்கு டகோட்டாவில் ஹோம்ஸ்டேக் என்ற தங்கச் சுரங்கம். அதற்குள் ஏறக்குறைய ஒன்றரைக் கிலோமீட்டர் ஆழத்தில் ஒரு தொட்டியை வைத்து 3.8 லட்சம் லிட்டர் பெர்குளோரோஎத்திலீனை நிரப்பினார். நாங்கள் பெர்க் என்கிறோமே, அதேதான். என் இயந்திரத்தில் 200 லிட்டர் இருக்கும். மூடி சரியாகப் பொருந்தாத நாளில் அந்தத் தித்திப்பு வாடை கடை முழுக்கப் பரவித் தலையைச் சுற்றும். அவர் 3.8 லட்சம் லிட்டரோடு குடித்தனம் நடத்தியிருக்கிறார்.

சூரியனிலிருந்து வரும் நியூட்ரினோ பெர்க்கில் உள்ள குளோரின் அணுவில் மோதினால் அது ஆர்கான் அணுவாக மாறும். நம் விரல் நகத்தளவு இடத்தை நொடிக்கு 6,500 கோடி சூரிய நியூட்ரினோக்கள் துளைத்துக்கொண்டு போகின்றன. அவ்வளவு பெரிய தொட்டியில் உருவானதோ இரண்டு நாளைக்கு ஓர் ஆர்கான் அணு. ஹீலியத்தை ஊதி, அந்தச் சொற்ப அணுக்களை வெளியே கொண்டுவந்து எண்ணினார்களாம். பட்டுப் புடவையில் எண்ணெய்க் கறை எங்கே இருக்கிறது என்று தேடுவதற்கே எனக்கு இரண்டு விளக்கு வேண்டும்.

எண்ணிப் பார்த்தால் கணக்கு உதைத்தது. வரவேண்டியதில் மூன்றில் ஒரு பங்குதான் வந்திருந்தது. 1968-லிருந்து முப்பது வருடத்துக்கு மேல் இந்த வழக்கு இழுத்திருக்கிறது. நான் சும்மா இருக்க மாட்டாமல், "மேடம், முப்பது புடவை வாங்கிக்கொண்டு பத்தைத் திருப்பிக் கொடுத்தால் எங்கள் தெருவில் அன்றே போலீஸ் வந்துவிடும்" என்றேன். ஆசிரியை சிரிக்கவில்லை. "மீதி இருபதும் கடையில்தான் இருக்கிறது சார், வழியில் சாயம் மாறிவிட்டது. உங்கள் பையன் சிவப்புப் புடவையை மட்டும் எண்ணுகிறான்" என்றார். எலக்ட்ரான், மியூவான், டௌ என்று நியூட்ரினோவில் மூன்று வகை. டேவிஸின் தொட்டிக்கு முதல் வகை மட்டுமே தெரியும். கனடாவின் சட்பரியில் 1,000 டன் கனநீரை வைத்து மூன்று வகையையும் சேர்த்து எண்ணியபோது, 2002-இல் மொத்தக் கணக்கு நேரானது. டேவிஸுக்கு நோபல் கிடைத்ததும் அதே வருடம்தான். அப்போது அவருக்கு 88 வயது. எங்கள் தொழிலில் சாயம் மாறினால் கையை விட்டுப் பணம் போகும். இங்கே பரிசு கொடுக்கிறார்கள்.

இந்த வகுப்புக்குக் காசு கொடுக்கலாம் என்று நான் சொல்வது மூன்றாம் ஞாயிறுக்காக. ஆசிரியை இரண்டு மின்னணு சுருதிப் பெட்டிகளை மேசையில் வைத்தார். முதலில் இரண்டும் ஒரே சுருதி. ஒரே ஓசையாகக் கேட்டது. பிறகு ஒன்றின் திருகை மயிரிழை நகர்த்தினார். ஓசை எழும்பி அடங்கி, எழும்பி அடங்கி, அறையே மூச்சு விடுவதுபோல ஆனது. என் பக்கத்தில் இருந்த பாட்டு டீச்சர் காதைப் பொத்திக்கொண்டார். "இதற்கு விம்மல் என்று பெயர். நியூட்ரினோ வகை மாறுவதும் இப்படித்தான்" என்றார் ஆசிரியை. அடுத்து இரண்டு பெட்டியையும் ஒரு கட்டையிலிருந்து ஐந்து கட்டைக்கு ஏற்றி, இடையில் அதே வித்தியாசத்தை வைத்தார். விம்மலின் வேகம் மாறவே இல்லை. "இப்போது சொல்லுங்கள், விம்மலை மட்டும் கேட்டு இது எத்தனை கட்டை என்று சொல்ல முடியுமா?"

முடியாது. வித்தியாசம் தெரியும், சுருதி தெரியாது. நியூட்ரினோ நிறை விஷயத்தில் உலகம் இன்று நிற்கும் இடமும் அதுதான். இங்கே சுருதியின் இடத்தில் நிறை. எல்லா நிறையும் ஒன்றாக இருந்தால் விம்மலே இருக்காது. விம்மல் கேட்கிறது, ஆகவே எல்லா நிறையும் சுழியாக இருக்க முடியாது; 1998-இல் ஜப்பானின் சூப்பர் கமியோகாண்டே ஆய்வகம் இதைத்தான் உறுதியாகக் காட்டியது. ஆனால் கையில் இருப்பவை நிறை வர்க்கங்களின் வித்தியாசங்கள் மட்டுமே. மூன்றில் எது கனம், எது லேசு என்ற வரிசைகூட முடிவாகவில்லை. சீனாவில் 2025 ஆகஸ்டில் வேலையைத் தொடங்கிய ஜூனோ ஆய்வகம் அதைத்தான் தேடுகிறது.

நேரடியாக எடை போடும் முயற்சி ஜெர்மனியில், கார்ல்ஸ்ரூவில் நடக்கிறது. கேட்ரின் என்று பெயர். அதன் 200 டன் எஃகுக் கலம் தயாரான ஊர் 400 கிலோமீட்டர் தொலைவில்தான் இருந்தது. சாலையில் கொண்டுபோக முடியாமல் டான்யூப் வழியே கருங்கடலில் இறங்கி, ஐரோப்பாவையே சுற்றி 9,000 கிலோமீட்டர் பயணித்து 2006-இல் வந்து சேர்ந்தது. இதுவரை கிடைத்த விடை: நியூட்ரினோவின் நிறை 0.45 எலக்ட்ரான் வோல்ட்டுக்குக் கீழே. எலக்ட்ரானின் நிறையில் பத்து லட்சத்தில் ஒரு பங்குகூட இல்லை.

நான்காம் ஞாயிறு பாழ். புரொஜெக்டர் எரியாமல் இருபத்தைந்து நிமிடம் போனது. தேனி பொட்டிப்புரத்தில் நியூட்ரினோ ஆய்வகம் கட்டும் திட்டத்துக்கு ஏழே நிமிடம். கடிகாரத்தைப் பார்த்துச் சொல்கிறேன். 50,000 டன் காந்த இரும்பு, 2015-இல் மத்திய அரசின் ஒப்புதல், ஊர்க்காரர்களின் எதிர்ப்பு, அனுமதிக்க மாட்டோம் என்று 2022-இல் உச்ச நீதிமன்றத்தில் தமிழக அரசு சொன்னது எல்லாம் ஒரே மூச்சில் ஓடின. நம் ஊர் விவகாரத்தை இப்படியா முடிப்பது? தமிழில் குறிப்புகள் தருவதாகச் சொல்லிப் பணம் வாங்கியவர்கள், கையில் திணித்தது ஆங்கில நகல். கேட்டால் மின்னஞ்சலில் வரும் என்றார்கள். மூன்று வாரமாகிறது.

காபி மட்டும் பழுதில்லை. அந்தக் காபிக்கு நின்றபோதுதான் பெரம்பூர் அம்மா ஒருவர் பேச்சுக் கொடுத்தார். அவருடைய அப்பா கோலார் தங்கவயலில், சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில் வேலை பார்த்தவர். அங்கேதான், இரண்டு கிலோமீட்டருக்கும் அதிக ஆழத்தில், காற்றுமண்டலத்தில் பிறந்த நியூட்ரினோவின் தடம் 1965-இல் சிக்கியது. "கீழே கண்ணாடிக் குழாய்களை அடுக்கி வைத்து எதையோ பிடிக்கிறார்கள், தங்கம் இல்லையாம் என்று அப்பா சொல்லுவார்" என்றார். வகுப்பில் இதைச் சொல்ல இரண்டு முறை கை தூக்கியிருக்கிறார். நேரமில்லை என்று உட்காரவைத்துவிட்டார்கள்.

அடுத்த சுற்றில் அந்த அம்மாவுக்கு அரை மணி நேரம் ஒதுக்கினால் நான் மறுபடியும் 1,200 ரூபாய் கட்டுவேன். தமிழ்க் குறிப்பு கைக்கு வந்த பிறகு.