ரேடியேட்டர் வாயில குமிழியைக் காட்டி ரூ.27,400 பிடுங்கிட்டாங்க – ஆப் வழியா கார் சர்வீஸ் விடறவங்க கவனம்

தொகையை முதல்லயே சொல்லிடறேன். ரூ.27,400. வண்டி சூடேறினதுக்கு உண்மையான காரணமா கெட்டுப் போயிருந்த சாமானோட விலை ரூ.280. ராத்திரி பதினொண்ணு ஆகுது, கோவம் இன்னும் அடங்கல, அதனால எழுத்து முன்னப்பின்ன இருந்தா பொறுத்துக்குங்க.

கடை பேர் போடல. எந்த வகைன்னு மட்டும் சொல்றேன்: ஆப்ல புக் பண்ணினா வாசல்ல வந்து காரை எடுத்துட்டுப் போய், வேலை முடிச்சுத் திரும்ப விடற சர்வீஸ். எந்தப் பட்டறையில வேலை நடக்குதுன்னு நமக்குத் தெரியாது. போன்ல பேசறவர் ஒருத்தர், ஸ்பேனர் பிடிக்கறவர் வேற ஒருத்தர்.

வண்டி 2014 மாடல், ஒரு லிட்டர் மூணு சிலிண்டர் பெட்ரோல். தொந்தரவு இதுதான்: ஓடிட்டே இருந்தா டெம்பரேச்சர் முள் பாதியில நிக்கும். வேளச்சேரி நெரிசல்ல அஞ்சு நிமிஷம் நின்னா ஏறும். வண்டி நகர்ந்ததும் இறங்கிடும். நிக்கிற நேரத்துல ஏசி காத்தும் வெதுவெதுன்னு ஆகிடும், ஓட ஆரம்பிச்சா மறுபடி குளிரும். இந்த ரெண்டையும் சேர்த்துப் பாத்தாலே பாதி பதில் கிடைச்சிடும். ஏசி கண்டன்சர் (ஏசியோட சூட்டை வெளிய விடற பாகம்) ரேடியேட்டருக்கு முன்னாடி நிக்குது, ரெண்டுக்கும் காத்து இழுக்கறது ஒரே ஃபேன். வேகத்துல போனா எதிர்க்காத்து போதும். நின்னா ஃபேன் சுத்தியாகணும். ரெண்டும் நிக்கும்போது மட்டும் சூடாகுதுன்னா முதல்ல ஃபேனைப் பாரு. இதுக்கு நேர்மாறா, நகரத்துல நல்லா இருந்து ஹைவேல 80, 100ல போனா ஏறுதுன்னாதான் ரேடியேட்டர் அடைப்பு, பம்ப், தெர்மோஸ்டாட் (எஞ்சின் சூடானதும் திறந்து தண்ணியை ரேடியேட்டருக்கு விடற வால்வு) பக்கம் சந்தேகம் போகணும். புக் பண்ணும்போது இதை அப்படியே எழுதி, கடைசியில "ஃபேன் செக் பண்ணவும்"னும் போட்டிருந்தேன். அந்த மெசேஜ் இன்னும் ஆப்ல கிடக்கு.

நம்பின இடம் எதுன்னு இப்ப யோசிச்சா வயிறு எரியுது. வண்டி எடுக்க வந்த தம்பி சுத்திச் சுத்தி இருபது போட்டோ எடுத்தார், கிலோமீட்டர் எழுதினார், சீட்டுக்கு பிளாஸ்டிக் உறை போட்டார். "கவலைப்படாதீங்க சார், நம்ம வண்டி மாதிரி பாத்துக்கறோம்"னார். மறுநாள் வாட்ஸ்ஆப்ல 23 வினாடி வீடியோ வந்துச்சு. ரேடியேட்டர் மூடி திறந்திருக்கு, எஞ்சின் ஓடுது, வாயில குபுகுபுன்னு குமிழி. அட்வைசர் போன்: "சார், ஹெட் கேஸ்கெட் போயிடுச்சு. கம்ப்ரஷன் காத்து கூலன்ட்டுக்குள்ள வருது பாருங்க. இப்படியே ஓட்டினா ஹெட் வளைஞ்சிடும், அப்புறம் அறுபதாயிரம்." குரல்ல அவ்வளவு அக்கறை. (ஹெட் கேஸ்கெட்னா எஞ்சின் பிளாக்குக்கும் அதுக்கு மேல இருக்கிற ஹெட்டுக்கும் நடுவுல அடைச்சு வைக்கிற தகடு, கூலன்ட்னா எஞ்சினைக் குளிர வைக்கிற திரவம்.) விஷயம் தெரிஞ்சவனையே சாய்க்கிற வீடியோ அது. ஆப்ல பச்சைப் பட்டன், 'ஒப்புதல்'. அமுக்கினேன். அங்க போச்சு ரூ.27,400.

அந்தக் குமிழி என்னன்னு இப்ப சொல்றேன். கூலன்ட்டை வடிச்சுட்டுப் புதுசா ஊத்தினா எந்த எஞ்சின்லயும் குமிழி வரும். பிளாக்குக்குள்ள, ஹீட்டர் கோர்ல (வண்டிக்குள்ள சூடு தர்ற குட்டி ரேடியேட்டர்) மாட்டியிருக்கிற காத்து வெளிய வருது, அவ்வளவுதான். ஹீட்டரை முழுச் சூட்டுல வெச்சு, முன்பக்கத்தைக் கொஞ்சம் தூக்கி நிறுத்தி, தெர்மோஸ்டாட் திறந்து, ஃபேன் ரெண்டு தடவை ஓடி நிக்கற வரைக்கும் விட்டா குமிழி குறைஞ்சு நின்னுடும். கேஸ்கெட் குமிழி நிக்காது. ஆக்சிலேட்டர் கொடுத்தா கூடும். காலையில ஆறிப்போன எஞ்சினை ஸ்டார்ட் பண்ணின ஓரிரு நிமிஷத்துலயே, தண்ணி சூடாகறதுக்கு முன்னாடியே, மேல் ஹோஸ் கல்லு மாதிரி இறுகிடும். 23 வினாடி வீடியோவுல இந்த வித்தியாசம் தெரிய வாய்ப்பே இல்லை. அவங்க வடிச்சுட்டு ஊத்தி, உடனே கேமராவைப் பிடிச்சிருக்காங்க.

கேஸ்கெட்டைச் சந்தேகப்பட்டா செய்ய வேண்டிய சோதனை ஒண்ணு இருக்கு. நீலத் திரவம் ஊத்தின கண்ணாடிக் குழாயை ரேடியேட்டர் வாயில வெச்சு, மேல பல்ப்பை ரெண்டு நிமிஷம் அமுக்கி அமுக்கி அந்தக் காத்தை உறிஞ்சணும். எரிஞ்ச புகையில இருக்கிற கார்பன் டை ஆக்சைடு கலந்திருந்தா நீலம் மஞ்சளாகும். கூலன்ட் மட்டத்தை முதல்ல ரெண்டு இஞ்ச் இறக்கிக்கணும், இல்லேன்னா திரவத்துக்குள்ளயே ஏறிடும். இந்த மாதிரி வண்டியில ரிசர்வ் டேங்க் அழுத்தம் இல்லாத வெறும் டப்பா, அங்க வெச்சுப் பாத்தா உருப்படியா எதுவும் தெரியாது. இந்தச் சோதனை பண்ணினீங்களான்னு பிறகு கேட்டதுக்கு அட்வைசர், "எங்க மெக்கானிக்குக்கு 15 வருஷ அனுபவம் சார்"னு பதில் சொன்னார்.

பில் இது: ரேடியேட்டர் 6,900. ஹெட் கேஸ்கெட் செட் 3,200. லேத்ல ஹெட் ஃபேசிங் (ஹெட்டோட முகத்தைச் சமமாக்கறது) 2,500. தெர்மோஸ்டாட் 1,150. வாட்டர் பம்ப் 2,450. கூலன்ட் 4 லிட்டர் 1,400. எஞ்சின் ஆயில், பில்டர் 2,300. லேபர் 7,500. கூட்டிக்குங்க, ரூ.27,400 வரும்.

வியாழக்கிழமை வண்டி வந்துச்சு. ஞாயித்துக்கிழமை அதே சிக்னல், அதே முள்.

முதல் போன்: "ஏர் லாக் சார், ஓட்ட ஓட்ட சரியாகிடும்." ரெண்டாவது போன்: "மெட்ராஸ் வெயில்ல எல்லா வண்டியும் இப்படித்தான் சார்." மூணாவதுக்கு ஆளே மாறிட்டார். கதையை முதல்ல இருந்து சொல்ல வெச்சுட்டு, "வாரண்டி போட்ட பார்ட்டுக்கு மட்டும்தான், ஃபேன் எலெக்ட்ரிக்கல் வேலை, அது தனி"ன்னு சொல்லி, முழு ஃபேன் அசெம்பிளிக்கு ரூ.6,800 எஸ்டிமேட் அனுப்பினார். அதாவது, ஃபேன்னு இப்பதான் அவங்களுக்கே தெரியுது.

அதுக்கப்புறம் பானெட்டைத் திறந்து ஒவ்வொண்ணா பாத்தாச்சு.

ஓபிடி ஸ்கேனர்ல (வண்டியோட கம்ப்யூட்டரைப் படிக்கற கருவி) எஞ்சின் சூடு: ஓடும்போது 64, 68 டிகிரி. நின்னா 105ஐத் தாண்டுது. தெர்மோஸ்டாட் ஒழுங்கா இருக்கிற வண்டி ஓடும்போது இப்படி 60களுக்கு இறங்காது. 82, 88 டிகிரியில திறக்கற வால்வு அதை அங்கேயே பிடிச்சு வைக்கும். ஹவுசிங்கைத் திறந்தா உள்ள ஒண்ணுமே இல்ல. ரூ.1,150க்கு பில் போட்ட தெர்மோஸ்டாட்டை மாட்டவே இல்ல, பழசையும் உருவிட்டாங்க. நம்ம ஊர்ப் பட்டறையில இது பழைய வித்தை. வால்வை எடுத்துட்டா டெஸ்ட் டிரைவ்ல முள் ஏறாது, வண்டியைக் கைமாத்திடலாம். எஞ்சின் எப்பவும் அரைச்சூட்டுல ஓடும், ஈசியூ (எஞ்சினைக் கட்டுப்படுத்தற கம்ப்யூட்டர்) கூடுதலா பெட்ரோல் கொட்டும், மைலேஜ் போகும், ஆயில் சீக்கிரம் கெடும்.

ஹெட்டைக் கழற்றினதா பில் சொல்லுது. செயின் போட்ட இந்த எஞ்சின்ல முன்பக்க செயின் கவரை எடுக்காம ஹெட் வராது. அந்தக் கவரை ஒட்டியிருக்கிற சீலன்ட் பத்து வருஷத் தூசியோட அப்படியே இருக்கு. ஹெட் கவர் போல்ட்ல ஸ்பேனர் பட்ட தடம்கூட இல்ல. ஆயில் குச்சியை இழுத்தா தார் மாதிரி கறுப்பு. ஹெட் கேஸ்கெட் மாத்தினவன் ஆயிலை மாத்தாம விடமாட்டான், உள்ள கூலன்ட் சிந்தியிருக்கும்.

ரேடியேட்டரைக் கழுவி கறுப்பு பெயின்ட் அடிச்சிருக்காங்க. பிளாஸ்டிக் டேங்க் ஓரத்துல கடிகாரம் மாதிரி சின்ன அச்சு வட்டம் இருக்கும், நடுவுல வருஷம், சுத்தி மாச எண். பெயின்டைச் சுரண்டினா 14னு தெரியுது. பழைய ரேடியேட்டரேதான். போதாக்குறைக்குப் பெயின்ட் ஃபின் இடுக்குல உறைஞ்சு காத்துப் போற வழியையும் குறைச்சிருக்கு.

கூலன்ட் பச்சையா பளிச்சுன்னுதான் இருக்கு. ரிஃப்ராக்டோமீட்டர்ல (கூலன்ட் கலவையை அளக்கற கருவி) ஒரு சொட்டு விட்டா உறைநிலை மைனஸ் 2. தண்ணியோட பாதிக்குப் பாதி கலந்த எத்திலீன் கிளைகால்னா (அசல் கூலன்ட் சரக்கு) மைனஸ் 37ஐ ஒட்டிக் காட்டணும். சென்னையில எதுவும் உறையப் போறதில்ல, ஆனா எவ்வளவு கலந்திருக்குன்னு அந்த எண்தான் சொல்லும். ஊத்தினது சாயம் கலந்த தண்ணி. போர் தண்ணியா இருந்தா உள்ள உப்புப் படியும், துருவைத் தடுக்கற மருந்தும் கிடையாது. நிறத்தைப் பாத்து கூலன்ட்டை எடை போடவே முடியாது. ரேடியேட்டர் மூடியில 0.9னு அச்சடிச்சிருக்கு, அது உள்ள பிடிச்சு வைக்கற அழுத்தம், 0.9 பார். ஒவ்வொரு 0.1 பாருக்கும் கொதிநிலை ஏறக்குறைய 2 டிகிரி ஏறும். அந்த மூடியோட ரப்பர் ஊதி வெடிச்சுக் கிடக்கு. எல்லாத்தையும் மாத்தினதா பில் போட்டவங்க, சில நூறு ரூபாய் மூடியைத் தொடவே இல்ல.

வாட்டர் பம்ப் மட்டும் புதுசு மாதிரிதான் தெரியுது. அது கேட்கவும் இல்ல, தேவையும் இல்ல.

சரி, ஃபேன். எஞ்சின் ஸ்டார்ட் பண்ணி ஏசியைப் போட்டா சில வினாடியில ஃபேன் ஓடணும். ஓடல. ஃபியூஸ் நல்லா இருக்கு. ரிலே (ஃபேனுக்குக் கரண்ட் விடற மின் சுவிட்ச்) 'டிக்'னு சத்தம் போடுது. இங்கதான் பலர் ஏமாறுவாங்க. சத்தம் வர்றது சுவிட்சை இழுக்கற காயில் பக்கம். கரண்ட் போறது 30ங்கற பின்லிருந்து 87ங்கற பின்னுக்கு, அந்த கான்டாக்ட் தீஞ்சிருந்தாலும் 'டிக்' கேட்கும். ஃபேன் கனெக்டரைக் கழட்டி மல்டிமீட்டரை வெறுமனே வெச்சா 12 வோல்ட் காட்டும். ஃபேன் மாட்டின நிலையில பின்னாலிருந்து ஊசி வெச்சு அளந்தப்ப 3 வோல்ட்டுக்கு விழுந்துச்சு. பக்கத்துல அதே பார்ட் நம்பர்ல இருந்த ஹாரன் ரிலேயை மாத்திக் குத்தினதும் ஃபேன் சீறிட்டு ஓடுது. ஸ்கேனர்ல பிழைக் கோட் எதுவும் வரல, வராது. பி0480 மாதிரி கோட் காயில் சர்க்யூட் அறுந்தா வரும், கான்டாக்ட் தீஞ்சா ஈசியூவுக்குத் தெரியாது. "ஸ்கேன் பண்ணிட்டோம், ஃபேன் ஓகே"ன்னு அவங்க ரிப்போர்ட்ல எழுதியிருக்கிறதோட லட்சணம் இது. புது ரிலே ரூ.280. ஃபேன் மோட்டார் இறுகி அதிக கரண்ட் இழுத்தாலும் ரிலே தீயும். அதனால கிளாம்ப் மீட்டர் போட்டுப் பாத்தாச்சு, 10 ஆம்பியரை ஒட்டித்தான் இருக்கு, மோட்டார் பரவாயில்ல.

போட்டோ எல்லாத்தையும் அனுப்பினா பதில்: "உங்கள் புகார் உரிய குழுவுக்கு அனுப்பப்பட்டுள்ளது." 48 மணி நேரம் கழிச்சு டிக்கெட் 'தீர்க்கப்பட்டது'. திரும்பத் திறந்தா, "வேறு இடத்தில் வண்டியைப் பிரித்துவிட்டதால் வாரண்டி செல்லாது." பிரிக்காம எப்படிய்யா உள்ள தெர்மோஸ்டாட் இல்லேன்னு பாக்கிறது? பழைய பார்ட் எங்கன்னு கேட்டதுக்கு, "ஸ்கிராப்புக்குப் போயிடுச்சு சார்." மாட்டியிருக்கிறதே பழசு, ஸ்கிராப்புக்கு எது போச்சு? கடைசியா ரூ.27,400க்குப் பதிலா அடுத்த சர்வீஸ்ல கழிச்சுக்க ரூ.500 கூப்பன் தந்திருக்காங்க.

விவரமா ஒரு பட்டியல் போடலாம்னு உட்கார்ந்தேன், கை ஓடல. அவசரத்துக்கு இது மட்டும்:

வீடியோவை நம்பி ஒப்புதல் பட்டனை அமுக்காதீங்க. கேஸ்கெட்னு சொன்னா நீலத் திரவச் சோதனையை உங்க கண்ணெதிர்ல பண்ணச் சொல்லுங்க. வண்டி கொடுக்கறதுக்கு முன்னாடி ரேடியேட்டர், பம்ப், தெர்மோஸ்டாட் ஹவுசிங் மேல மார்க்கர்ல ஒரு கோடு போட்டு போட்டோ எடுத்து வைங்க. பழைய பார்ட் டிக்கியில இருந்தாத்தான் பணம்னு முதல்லயே எழுத்துல வாங்குங்க. "வால்வை எடுத்துட்டேன், இனி சூடே ஆகாது"ன்னு எந்த மெக்கானிக் சொன்னாலும் திரும்ப மாட்டச் சொல்லுங்க. முள் ஏறினா ஓரங்கட்டி எஞ்சினை நிறுத்துங்க, சூட்டோட மூடியைத் திறக்காதீங்க, முகம் வெந்துடும். பில் ஆப்ல இருந்து மறையறதுக்குள்ள ஸ்கிரீன்ஷாட் எடுங்க.

நுகர்வோர் உதவி எண் 1915ல புகார் பதிவு பண்ணியாச்சு. மாவட்ட நுகர்வோர் ஆணையத்துல அஞ்சு லட்சம் வரைக்கும் கட்டணம் கிடையாது, அடுத்த வாரம் அங்க மனு போகுது. இதே மாதிரி 23 வினாடி குமிழி வீடியோ வேற யாருக்காவது வந்திருந்தா கமென்ட்ல சொல்லுங்க, என் மனுவோட சேர்த்துக் காட்டணும்.