சூப்பர் பௌல் மோதிரம் என்று பித்தளைக்கு 2,600 டாலர் கொடுத்தேன்

சான் ஹோசேயில் விளையாட்டு நினைவுப் பொருள் சந்தைக்குப் போகிறவர்கள் ஒரு நிமிடம் இதைப் படித்துவிட்டுப் போங்கள்.

நான் சான் ஃபிரான்சிஸ்கோவின் அமெரிக்கக் கால்பந்து அணியான ஃபார்ட்டி நைனர்ஸ் பைத்தியம். கலிஃபோர்னியாவுக்கு வந்த புதிதில் ஆபீஸ் நண்பர் ஒருவர் பழைய ஆட்டம் ஒன்றைப் போட்டுக் காட்டினார். 1989 ஜனவரி, மயாமி, 1988 பருவத்தின் பட்டத்தைத் தீர்மானிக்கும் இறுதி ஆட்டமான 23ஆவது சூப்பர் பௌல். மூன்று புள்ளி பின்தங்கிய நிலையில் நைனர்ஸ் வீரர் ஜோ மான்டானா 92 கெஜம் பந்தை நகர்த்திக்கொண்டு வந்து, 34 விநாடி மிச்சமிருக்கும்போது சக வீரர் ஜான் டெய்லரிடம் வீசினார். சின்சினாட்டியை 20-16 என்று வென்றார்கள். அன்றைக்குப் பிடித்த கிறுக்கு.

அதே ஆட்டத்தில் வென்றதற்காக அணி கொடுத்த மோதிரம் ஒரு மேசையில் வெல்வெட் பெட்டிக்குள் இருந்தால் எனக்குக் கை நிற்குமா? விற்றவர் ஐம்பது வயதுக்காரர், நைனர்ஸ் ஜாக்கெட் போட்டிருந்தார். "இது வீரருடையது இல்லை, அணி அலுவலகத்தில் வேலை பார்த்த என் மாமாவுடையது, அதனால்தான் இந்த விலை" என்றார். இந்த இடத்தில்தான் விழுந்தேன். ஏனென்றால் அணிகள் ஊழியர்களுக்கும் மோதிரம் கொடுப்பது உண்மை. அவர்களுக்குக் கொஞ்சம் மலிவான ரகம் செய்வதும் உண்டு. பொய்யை முக்கால் உண்மையில் தோய்த்துக் கொடுத்தார் மனிதர். கூடவே பளபளக்கும் ஸ்டிக்கர் ஒட்டிய ஒரு சான்றிதழ். அந்தத் தாளை எந்தக் கடையிலும் அச்சடிக்கலாம் என்று அப்போது தோன்றவில்லை.

கார்டு வேண்டாம், செயலியில் நண்பருக்கு அனுப்புவதுபோல அனுப்புங்கள், கமிஷன் மிச்சம் என்றார். அனுப்பினேன். அப்படி அனுப்பினால் வாங்குபவருக்கு எந்தப் பாதுகாப்பும் கிடையாது. செயலிக்காரர்களும் பிறகு அதையேதான் சொன்னார்கள்.

மூன்றாம் நாள் விரலில் பச்சைக் கறை. மனைவி சிரித்துக்கொண்டே, "நம்ம ஆசாரிகிட்டக் காட்டுங்க" என்றாள். சன்னிவேலில் நகை வேலை செய்யும் கோயம்புத்தூர்க்காரர் ஒருவர் இருக்கிறார். உள்பக்கம் 10 காரட் என்று முத்திரை இருந்தது. அவர் அதைப் பார்க்கவேயில்லை. ஓரத்தில் லேசாக அரம் போட்டுவிட்டு உரைகல்லில் ஒரு இழுப்பு, அதன்மேல் ஒரு சொட்டு அமிலம். கோடு என் கண் முன்னால் கரைந்து போயிற்று. "பித்தளைங்க. மேல முலாம். கல்லெல்லாம் சிர்க்கானுங்க, வைரமில்ல" என்றார். கூலி வாங்கவில்லை. பாவம் பார்த்திருப்பார்.

எனக்கு அதைவிட வெட்கம் வேறொன்று. மோதிரத்தின் பக்கவாட்டில், பட்டத்துக்கு ஒன்று என்பதுபோல, நான்கு கோப்பைகள். 1981, 1984, 1988 பருவங்கள் என்று அந்த ஆட்டத்தோடு நைனர்ஸிடம் இருந்ததே மூன்று பட்டம்தான். நான்காவது, டென்வரை 55-10 என்று நொறுக்கியது, அடுத்த ஆண்டு. ஐந்தாவது 1994 பருவத்தில். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். ஆனால் மேசை முன்னால் நின்றபோது எண்ணத் தோன்றவில்லை!

தங்கம் சரியாக இருந்தாலும் கதை பொய்யாக இருக்கலாம் என்பது இன்னொரு சங்கதி. பேட்ரியட்ஸ் அணி 2017இல் வென்றபோது, ஒருவன் முன்னாள் வீரரிடம் மோதிரம் வாங்கி, பிறகு அந்த வீரர் போலவே நடித்து, அந்த அணியின் நட்சத்திரம் டாம் பிராடியின் பெயர் பொறித்து, வீரர்களின் குடும்பத்தாருக்கான மோதிரங்களைச் செய்ய வைத்தான். அதில் ஒன்று ஏலத்தில் மூன்று லட்சம் டாலருக்கும் மேல் போனது. 2022இல் அவனுக்குச் சிறை.

போலீஸில் புகார் எண் வாங்கி வைத்திருக்கிறேன். சந்தை நடத்துபவர்கள் மேசை வாடகைக்கு எடுத்தவர் கொடுத்த பெயரே பொய் என்கிறார்கள். விற்றவர் போன் அணைந்து கிடக்கிறது. அந்த 23ஆவது சூப்பர் பௌலின் 'மாமாவின் மோதிரம்' யாராவது உங்களிடம் நீட்டினால் பக்கவாட்டில் கோப்பைகளை எண்ணுங்கள். நான்கு இருந்தால், அதுவும் என்னுடையதை வார்த்த அதே அச்சில் வார்த்ததுதான்.