டட்சன் 240இசட் காரில் ஏர்கோன்: சில ஆண்டு ஓட்டத்துக்குப் பிறகு

மலேசியாவின் சுங்கை சிப்புட் மதிய வெயிலில் டட்சன் 240இசட் என்ற பழைய ஜப்பானிய ஸ்போர்ட்ஸ் காரை ஓட்டுபவருக்கு ஏர்கோன் ஆடம்பரம் அல்ல. பின்கண்ணாடி படுத்தவாக்கில் சரிந்திருப்பதால் வெயில் நேராக உள்ளே இறங்கும்; உட்புறம் முழுவதும் கறுப்பு வினைல். 1969-இல் அறிமுகமான இந்தக் காருக்குப் பெரும்பாலும் விற்பனையாளர்களும் பட்டறைக்காரர்களுமே பின்னர் ஏர்கோன் பொருத்தினார்கள். அதனால் ஒரு காரில் இருக்கும் பாகம் இன்னொன்றில் இருக்காது. என் காரில் முன்பு இருந்தது இரண்டு பிஸ்டன் கொண்ட, கனத்த யார்க் கம்ப்ரஸர், அதாவது கேஸை அழுத்திச் சுற்றவிடும் பாகம்.

அதை எடுத்துவிட்டு சான்டென் எஸ்டி5எச்14 பொருத்தினேன். பழைய எஸ்டி508-இன் வாரிசு; ஐந்து பிஸ்டன், 138 சிசி. இதே வகை டிராக்டர்களிலும் மண்வாரி இயந்திரங்களிலும் ஓடுகிறது. செம்பனைத் தோட்டங்கள் சூழ்ந்த ஊருக்கு இது பெரிய வசதி, உதிரிபாகத்துக்குக் கோலாலம்பூர் வரை ஓட வேண்டியதில்லை. ஆனால் "அதே கம்ப்ரஸர்தான்" என்று கடைக்காரர் மேசைமேல் வைத்ததும் பணத்தை நீட்டிவிடக் கூடாது. கம்ப்ரஸரை எஞ்சின் பெல்ட்டோடு இணைக்கும் காந்தக் கிளட்சின் காயிலில் ஒட்டியிருக்கும் சீட்டைப் படியுங்கள். கனரக வண்டிகளுக்கு வருவது பெரும்பாலும் 24 வோல்ட். 12 வோல்ட் காரில் அந்தக் காந்தம் இறுகப் பிடிக்காது. கிளட்ச் வழுக்கித் தேயும். புல்லியையும் திருப்பிப் பாருங்கள். இந்தக் காருக்கு வேண்டியது வி-பெல்ட் பள்ளம். வரிவரியாகப் பள்ளமிட்ட புதிய புல்லி உதவாது.

அடுத்தது கேஸ். ஓசோன் படலத்தைக் காக்க 1987-இல் கையெழுத்தான மொன்றியல் உடன்படிக்கை, பழைய ஏர்கோன்களில் இருந்த ஆர்12 கேஸுக்கு முடிவு கட்டியது. வளரும் நாடுகளுக்கான கெடுவும் 2010-இல் முடிந்தது. எனவே அதற்குப் பதிலாக வந்த ஆர்134ஏ கேஸ்தான் வழி. கேஸை மட்டும் மாற்றினால் போதாது. பழைய மினரல் எண்ணெய் ஆர்134ஏ-உடன் கலக்காது. கம்ப்ரஸருக்குத் திரும்பி வராமல் எங்காவது தேங்கிவிடும். முழுவதும் கழுவி, இந்தக் கேஸோடு கலக்கும் பிஏஜி எண்ணெய் விட வேண்டும். ஈரத்தை உறிஞ்சும் டிரையரையும், இணைப்புகளில் இருக்கும் எல்லா ரப்பர் ஓரிங்குகளையும் புதிதாகப் போட வேண்டும். பழைய ரப்பர் ஹோஸ் வழியாக இந்தக் கேஸ் மெல்லக் கசியும் என்பதால், உள்ளே நைலான் அடுக்கு கொண்ட ஹோஸை ஈப்போவில் அளவெடுத்து, முனைகளை அழுத்திப் பொருத்தி வாங்கினேன். கேஸ் அளவு, பழைய ஆர்12 எடையில் 80 முதல் 90 விழுக்காடு.

இத்தனையும் செய்தபின் ஓட்டத்தில் குளிர் நன்றாகவே வந்தது. சிவப்பு விளக்கில் நின்றால் மட்டும் காற்று வெதுவெதுப்பாகிவிடும். கேஸ் குறைவு என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். பட்டறை மாமா மட்டும் அழுத்தமானியை மாட்டிவிட்டு, முன்புறம் கேஸின் வெப்பத்தை வெளியேற்றும் கண்டென்சர்மேல் ஒரு வாளித் தண்ணீரை மெதுவாக ஊற்றினார். மேலழுத்த முள் கண்ணெதிரே சரிந்தது. உள்ளே காற்று சில்லென்று வந்தது. "தம்பி, கேஸ் சரியாக இருக்கிறது. கண்டென்சருக்குக் காற்று போதவில்லை" என்றார்.

காரணம் தெளிவானது. 60 டிகிரி செல்சியஸில் ஆர்12-இன் அழுத்தம் ஏறக்குறைய 15 பார்; ஆர்134ஏ-க்கு 17 பாரை நெருங்கும். அந்தக் காலத்துக் குழாய்-தகடு கண்டென்சர் இந்த வெப்பத்தை வெளியேற்றத் திணறும். ரேடியேட்டர் முகப்பை முழுவதும் மூடும் பேரலல் ஃப்ளோ (இணையாக ஓடும் தட்டைக் குழாய்கள் கொண்ட) கண்டென்சரையும், அதன் முன்னால் 12 அங்குல மின்விசிறியையும் பொருத்திய பிறகுதான் பிரச்சினை தீர்ந்தது. இப்போது நின்ற நிலையில் காற்றுவாயில் 14 டிகிரி, ஓட்டத்தில் 8 டிகிரி. கோலகங்சாரிலிருந்து மெனோரா சுரங்கப்பாதைக்கு ஏறும்போதும் எஞ்சின் சூடு முள் நடுவிலேயே நிற்கிறது. பணம் குறைவாக இருந்தால் கம்ப்ரஸரில் மிச்சம் பிடியுங்கள், கண்டென்சரில் பிடிக்காதீர்கள்.

மின்விசிறி வந்ததும், காருக்கு மின்சாரம் தரும் ஆல்டர்னேட்டர் தடுமாறியது. இந்தக் காரின் 50 ஆம்பியர் ஆல்டர்னேட்டர் இரவில் விளக்கு, விசிறி, கிளட்ச் மூன்றையும் தாங்காது. 280இசட்எக்ஸ் காரின் 60 ஆம்பியர் ஆல்டர்னேட்டரைப் போட்டேன். மின்னழுத்தத்தைச் சீராக்கும் ரெகுலேட்டர் அதற்குள்ளேயே இருப்பதால் கம்பி இணைப்பைச் சற்று மாற்ற வேண்டியிருந்தது. கம்ப்ரஸர் பிடிக்கும்போது எஞ்சின் அணையாமலிருக்க, கார்புரேட்டரில் ஐடிலை (நின்ற நிலையில் எஞ்சின் சுற்றும் வேகத்தை) உயர்த்தும் சிறு கருவி ஒன்றும் தேவை.

"எதையும் மாற்ற வேண்டாம், இதை அடித்தால் போதும்" என்று ஹைட்ரோகார்பன் கேஸை விற்கிறார்கள். அது பழைய எண்ணெயோடு ஒத்துப்போகும், நன்றாகக் குளிரவும் செய்யும். ஆனால் தீப்பிடிக்கும் கேஸ். உள்ளே காற்றைக் குளிர்விக்கும் கூலிங் காயில் இருப்பதோ நம் முழங்காலுக்குப் பக்கத்தில். பிள்ளையை ஏற்றிச் செல்லும் காரில் அதை விடவே மாட்டேன்.

இத்தனை ஆண்டுகளில் மாற்ற நேர்ந்தது கம்ப்ரஸரின் முன்புற சீல் மட்டுமே. வண்டி நெடுநாள் நின்றால் எண்ணெய் எட்டாமல் சீல் உலர்ந்துவிடும். மழைக்காலத்திலும் வாரம் ஒருமுறை எஞ்சினை முடுக்கிப் பத்து நிமிடமாவது ஏர்கோனை ஓடவிடுகிறேன். கூலிங் காயில் இன்னும் பழையதுதான். அது ஓட்டையானால், அதன் வெளிப்பெட்டியை வைத்துக்கொண்டு அதே அளவில் அலுமினியக் காயில் செய்துவாங்க அளவுகளை இப்போதே குறித்து வைத்திருக்கிறேன்.