எந்த பேக்லிங்க் தளத்தைத் தூக்கும், எது வெறும் எண்ணிக்கை?

பேக்லிங்க் என்றால் வேறொரு தளத்திலிருந்து நம் தளத்துக்கு வரும் லிங்க். சைக்கிள் பழுது பார்ப்பதைப் பற்றி ஒரு தளம் நடத்துகிறவர் சில மாதங்களுக்கு முன் என்னிடம் வந்தார். "அறுநூறு தளத்திலிருந்து லிங்க் வருகிறது, ஆனாலும் தேடினால் எங்கேயோ கிடக்கிறேன்" என்றார். கூகுள் தளக்காரர்களுக்குத் தரும் சர்ச் கன்சோல் கருவியில் லிங்க் பட்டியலைத் திறந்து இருவரும் ஒவ்வொன்றாகப் பார்த்தோம். தள முகவரிகளை அடுக்கி வைக்கும் டைரக்டரிகள், இன்னொருவர் தளத்தில் போய் எழுதுகிற, ஒரே அச்சில் வார்த்த மாதிரியான கெஸ்ட் போஸ்டுகள், சைக்கிளுக்கும் தனக்கும் சம்பந்தமே இல்லாத தளங்களின் அடிப்பகுதிகள். ஒரு மாலை முழுக்க உட்கார்ந்து தேடியதில் உருப்படியாகத் தேறியவை மூன்று.

ஒன்று, நீண்ட தூரம் சைக்கிளில் போகிற ஒருவர் தன் பயணக் குறிப்பின் நடுவில், "செயின் அறுந்தபோது இந்தப் பக்கத்தைப் பார்த்துத்தான் கோத்தேன்" என்று கொடுத்திருந்த லிங்க். இரண்டாவது, சைக்கிள் சங்கம் ஒன்றின் புதியவர்களுக்கான பக்கத்தில் இருந்தது. மூன்றாவது ஒரு நூலகத்தின் வாசிப்புப் பட்டியலில் இருந்தது. அதில் ஒரு கோளாறு, அதைப் பிறகு சொல்கிறேன். முதல் இரண்டு லிங்க்கும் எந்தப் பக்கங்களுக்கு வந்தனவோ, அந்த இரண்டு பக்கங்கள் மட்டும்தான் தேடலில் ஓரளவு மேலே இருந்தன. பக்கம் நன்றாக இருந்ததால் லிங்க் கிடைத்ததா, லிங்க் கிடைத்ததால் மேலே வந்ததா என்று பிரித்துச் சொல்ல முடியாது. இரண்டும் பின்னிக்கொண்டுதான் நடக்கும்.

சரி, ஒரு லிங்க்குக்கும் இன்னொரு லிங்க்குக்கும் ஏன் இவ்வளவு வித்தியாசம்? கூகுளைத் தொடங்கிய, அப்போது ஸ்டான்ஃபோர்டில் படித்துக்கொண்டிருந்த லாரி பேஜும் செர்கே பிரின்னும் 1998ல் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரையிலேயே பாதி விடை இருக்கிறது. லிங்க்குகளை வைத்துப் பக்கத்தின் மதிப்பை அளக்கும் பேஜ்ரேங்க் என்ற அந்தக் கணக்கின்படி ஒரு பக்கம் தன்னிடம் உள்ள மதிப்பை, தன்னிலிருந்து வெளியே போகும் லிங்க்குகளுக்குப் பங்கு போடுகிறது. பத்து லிங்க் இருந்தால் பத்துப் பங்கு, ஐந்நூறு இருந்தால் ஐந்நூறு பங்கு. பங்கு போடும் பக்கத்துக்கே மதிப்பு இல்லையென்றால் கிடைப்பதும் ஒன்றுமில்லை. டைரக்டரி லிங்க்குகளின் கதை இதோடு முடிந்துவிடுகிறது. மனிதர்கள் சரிபார்த்துத் தொகுக்கிற, அந்தத் துறைக்காரர்கள் உண்மையிலேயே பயன்படுத்துகிற டைரக்டரி என்றால் சேருங்கள். மற்றவற்றுக்குப் படிவம் நிரப்பும் நேரம் வீண்.

மீதிப் பாதி விடை, லிங்க் பக்கத்தின் எந்த இடத்தில் இருக்கிறது என்பதில். ஆரம்பக் கணக்கு ஒரு பக்கத்திலுள்ள எல்லா லிங்க்கையும் சமமாகத்தான் பார்த்தது. கூகுள் 2004ல் விண்ணப்பித்து 2010ல் பெற்ற காப்புரிமை ஒன்று வேறு மாதிரி யோசிக்கிறது. படிப்பவர் எந்த லிங்க்கைச் சொடுக்க வாய்ப்பு அதிகமோ அதற்கு அதிக எடை. எழுத்தின் அளவு, பக்கத்தில் அது இருக்கும் இடம், சுற்றியுள்ள சொற்கள் இவற்றையெல்லாம் வைத்து அந்த வாய்ப்பைக் கணிக்கலாம் என்கிறது. காப்புரிமையில் இருப்பதெல்லாம் அப்படியே நடைமுறையில் இருக்கிறது என்று சொல்ல முடியாது. ஆனால் பட்டியல் பட்டியலாகப் பார்த்துப் பழகிய என் கண்ணுக்கு அந்தத் திசை சரியாகவே படுகிறது. ஒரு தளத்தின் இரண்டாயிரம் பக்கத்திலும் அடியில் வரும் ஒரே லிங்க்கையும், ஒரே ஒரு கட்டுரையின் மூன்றாம் பத்தியில் வாக்கியத்தோடு வாக்கியமாக வரும் லிங்க்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால், நான் தயங்காமல் இரண்டாவதை எடுப்பேன்.

பலர் குழம்புவது கெஸ்ட் போஸ்ட் விஷயத்தில்தான். இன்னொருவர் தளத்தில் போய் எழுதுவது தவறா? இல்லவே இல்லை. அந்தத் தளத்தின் வாசகர்களுக்காக, உங்களுக்கு நன்றாகத் தெரிந்ததை எழுதினால், ஆசிரியர் திருத்திப் போட்டால், அதிலிருந்து வரும் லிங்க் நல்ல லிங்க். சிக்கல், ஒரே கட்டுரையைக் கொஞ்சம் கொஞ்சம் மாற்றி முப்பது தளத்துக்கு அனுப்பி, ஒவ்வொன்றிலும் ஒரே சொற்றொடரில் லிங்க் வைப்பதில் ஆரம்பிக்கிறது. அப்போது கூகுளின் ஸ்பேம் தடுப்புக் குழுவுக்குத் தலைவராக இருந்த மேட் கட்ஸ், லிங்க்குக்காக மட்டும் செய்கிற கெஸ்ட் போஸ்ட் முடிந்துபோன கதை என்று 2014 ஜனவரியிலேயே வெளிப்படையாக எழுதிவிட்டார். இரண்டையும் பிரித்துப் பார்க்க நான் வைத்திருக்கும் கேள்வி, கூகுளின் பழைய வழிகாட்டுதலிலேயே இருந்ததுதான்: தேடுபொறி என்ற ஒன்றே இல்லையென்றால் இதைச் செய்வீர்களா?

காசு கொடுத்து வாங்கும் லிங்க்கை இந்தக் கேள்விக்கு முன்னால் நிறுத்தினால் நிற்காது. வேலை செய்யாது என்று சொல்லவில்லை. கொஞ்ச நாள் செய்யவும் செய்யும், அதுதான் ஆபத்தே. அமெரிக்காவின் ஜேசி பென்னி நிறுவனம் உடைகள், படுக்கை விரிப்புகள் என்று பொதுவான தேடல்களிலேயே மாதக்கணக்கில் உச்சியில் இருந்தது. அதன் பின்னால், சம்பந்தமில்லாத ஆயிரக்கணக்கான பக்கங்களில் வைக்கப்பட்ட லிங்க்குகள் இருந்ததை நியூயார்க் டைம்ஸ் 2011 பிப்ரவரியில் வெளிக்கொண்டுவந்தது. தங்களுக்குத் தெரிந்து நடக்கவில்லை என்று நிறுவனம் சொன்னது, எஸ்இஓ, அதாவது தளத்தைத் தேடலில் மேலே கொண்டுவரும் வேலை பார்த்த நிறுவனத்தையும் நீக்கியது. ஆனாலும் கூகுள் எடுத்த நடவடிக்கையில் தளம் பல பக்கங்கள் கீழே போய்விட்டது. அவ்வளவு பெரிய பெயருக்கே அந்த நிலை. சின்னத் தளம் விழுந்தால் அதைத் தேடி வருகிறவர்களும் இருக்க மாட்டார்கள். விளம்பரத்துக்காகக் காசு கொடுத்து லிங்க் வைப்பது தப்பில்லை. அது விளம்பர லிங்க் என்று தேடுபொறிக்குச் சொல்லும் ஸ்பான்சர்டு என்ற குறியீட்டைச் சேர்த்துவிட வேண்டும், அவ்வளவுதான்.

ஒருவரே பல டொமைன்களை வாங்கி, அவற்றிலிருந்து தன் தளத்துக்கே லிங்க் கொடுக்கும் பிபிஎன் வலையும் இதே ரகம். காலாவதியான பழைய டொமைன்களை அவற்றின் பழைய மதிப்புக்காக மட்டும் வாங்கி, சம்பந்தமில்லாத சரக்கை நிரப்புவதை 2024 மார்ச்சில் கூகுளின் ஸ்பேம் விதிகளில் தனியாகவே பெயர் சொல்லிச் சேர்த்துவிட்டார்கள்.

இப்போது நோஃபாலோ. 2005ல் கருத்துப் பெட்டிகளில் குப்பை லிங்க்குகள் குவிந்தபோது கூகுள், யாஹூ, எம்எஸ்என் மூன்றும் ஏற்றுக்கொண்ட குறியீடு இது. "இந்த லிங்க்குக்கு நான் பொறுப்பில்லை" என்று தளக்காரர் சொல்லும் வழி. 2019 செப்டம்பரில் கூகுள் இதை மாற்றியது: விளம்பர லிங்க்குக்கு ஸ்பான்சர்டு, வாசகர்கள் எழுதுவதில் வரும் லிங்க்குக்கு யுஜிசி என்று இரண்டு குறியீடுகள் கூடுதலாக வந்தன, நோஃபாலோவும் கட்டாய உத்தரவு என்பதிலிருந்து ஒரு குறிப்பு என்ற நிலைக்கு வந்தது. வேண்டுமென்றால் கூகுள் அதைக் கணக்கில் எடுத்துக்கொள்ளலாம்.

"நோஃபாலோ என்றால் வேண்டாம்" என்று ஒதுக்குகிறவர்களிடம் நான் ஒன்று கேட்பேன். விக்கிப்பீடியாவின் வெளி லிங்க்குகள் 2007லிருந்து நோஃபாலோதான். அங்கே உங்கள் பக்கம் ஆதாரமாகக் காட்டப்பட்டிருப்பது நல்லதா, அல்லது பெயர் தெரியாத ஒரு தளத்தின் சாதாரண லிங்க் நல்லதா? விக்கிப்பீடியா வழியாக வருகிறவர்களில் கட்டுரை எழுதுகிறவர்கள், ஆசிரியர்கள், ஆய்வாளர்கள் இருப்பார்கள். அவர்களில் ஒருவர் நாளைக்குத் தன் தளத்தில் உங்களைச் சுட்டினால் அது நோஃபாலோ இல்லாத, முழு எடையுள்ள லிங்க். ஆட்களை அழைத்துவரும் நோஃபாலோ, யாரும் சொடுக்காத ஃபாலோ லிங்க்கைவிட எனக்கு மேல். ஆனால் விக்கிப்பீடியாவில் நீங்களே போய்ச் சொருகாதீர்கள். எடுத்துவிடுவார்கள், எடுப்பதும் நியாயம்.

அப்புறம் ஆங்கர் டெக்ஸ்ட், அதாவது சொடுக்கும்படி நீலத்தில் தெரிகிற சொற்கள். அந்தச் சொற்களை வைத்தும் பக்கம் எதைப் பற்றியது என்று கூகுள் புரிந்துகொள்கிறது. இதன் பலம் 2003ல் உலகத்துக்கே தெரிந்தது. "படுதோல்வி" என்ற பொருள்படும் ஆங்கிலச் சொற்களில் பலரும் கூடி லிங்க் வைத்ததில், அதைத் தேடினால் ஜார்ஜ் புஷ்ஷின் வாழ்க்கைக் குறிப்புப் பக்கம் முதலில் வந்தது. அந்தப் பக்கத்தில் அந்தச் சொற்களே கிடையாது. 2007ல்தான் கூகுள் அதைச் சரிசெய்தது. பலம் தெரிந்ததும் எல்லோரும் தாங்கள் மேலே வர விரும்பிய சொற்களையே ஆங்கரில் அடைக்க ஆரம்பித்தார்கள். 2012 ஏப்ரலில் கூகுள் தன் கணக்கில் கொண்டுவந்த பெங்குவின் என்ற மாற்றம் அப்படிப்பட்ட தளங்களைத்தான் பலமாக அடித்தது. இயல்பாகக் கிடைக்கும் லிங்க்குகளைப் பாருங்கள்: சிலர் தளத்தின் பெயரை வைப்பார்கள், சிலர் தலைப்பை, சிலர் "இங்கே பாருங்கள்" என்று மட்டும். நம் சைக்கிள்காரரின் பட்டியலில் நானூறுக்கும் மேற்பட்ட லிங்க்குகள் எழுத்துப் பிசகாமல் ஒரே மூன்று சொற்களில் இருந்தன. மனிதர்கள் யாரும் அப்படிச் சொல்லி வைத்தாற்போல எழுத மாட்டார்கள்.

அந்தக் குப்பையை எல்லாம், "இந்த லிங்க்குகளைக் கணக்கில் எடுக்காதே" என்று கூகுளிடம் சொல்லும் டிஸ்அவோ கருவியில் போட்டு நீக்கச் சொல்லலாமா என்று அவர் கேட்டார். வேண்டாம் என்றேன். 2016 செப்டம்பரில் வந்த பெங்குவினின் புதிய பதிப்பிலிருந்து, மோசமான லிங்க்குக்காகத் தளத்தையே தள்ளுவதைவிட அந்த லிங்க்கை மட்டும் கணக்கில் சேர்க்காமல் விடுவதுதான் கூகுளின் வழக்கம். சர்ச் கன்சோலில் லிங்க் தொடர்பாக நடவடிக்கை அறிவிப்பு வந்திருந்தால், அல்லது வரும் என்று நிச்சயமாகத் தெரிந்தால், அந்தக் கருவியைத் தொடலாம். அவருக்கு அப்படி எதுவும் வரவில்லை. தளத்தின் பலம் இவ்வளவு என்று எஸ்இஓ கருவிகள் காட்டும் டொமைன் அத்தாரிட்டி, டொமைன் ரேட்டிங் எண்களைப் பார்த்தும் அவர் கவலைப்பட்டார். அவை மாஸ், ஏஹெச்ரெஃப்ஸ் நிறுவனங்களின் சொந்தக் கணிப்புகள். கூகுள் அவற்றைப் பயன்படுத்துவதில்லை.

கடைசியாக அந்த நூலகத்து லிங்க். சொடுக்கிப் பார்த்தபோதுதான் தெரிந்தது, அது "பக்கம் இல்லை" என்று சொல்லும் 404 பிழைக்குப் போகிறது. தளத்தைப் புதுப்பித்தபோது பிரேக் சரிசெய்யும் பக்கத்தின் முகவரியை மாற்றியிருக்கிறார், பழையதிலிருந்து புதியதற்கு வழி போடவில்லை. அறுநூறில் மிக நல்ல லிங்க் சுவரில் முட்டிக்கொண்டு நின்றது. முகப்புப் பக்கத்துக்குத் திருப்பிவிடலாமா என்றார். அப்படிச் செய்தால் பக்கம் இல்லாததாகவே கூகுள் எடுத்துக்கொள்ள வாய்ப்பு அதிகம். அதே விஷயத்தைச் சொல்லும் புதிய பக்கத்துக்கு 301, அதாவது நிரந்தரமாகத் திருப்பிவிடும் கட்டளை போட்டோம், ஒரே வரி. அப்படியே செயின் பக்கத்திலிருந்து பிரேக் பக்கத்துக்கும், பிரேக் பக்கத்திலிருந்து செயின் பக்கத்துக்கும் உள்லிங்க் வைத்தோம். வெளியிலிருந்து வரும் மதிப்பு தளத்துக்குள் பரவ அதைவிட நேர்வழி இல்லை. அடுத்த வாரம் அவர் அனுப்பிய அறிக்கையில் நூலகத்திலிருந்து வந்தவர்கள் ஒன்பது பேர். அதில் ஒருவர் பிரேக் கம்பியின் அளவைப் பற்றிச் சந்தேகம் கேட்டு எழுதியிருந்தார்.